டி.வி. வாங்குவதும் துவரம்பருப்பு வாங்குவதும்



வரி விவரம், எடைக்கல் முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம் என்று படித்துப் பழகிய பக்கத்தில் டி.வி.யைப் பற்றி எழுதினால், "மளிகைக் கடைக்காரருக்கு இது எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. ஒரு மூட்டை துவரம்பருப்பு வாங்குவதற்குக் குத்தூசி போட்டுப் பார்க்கிறோம், உள்ளங்கையில் கொட்டி வெளிச்சத்தில் பார்க்கிறோம், வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கிறோம், கிலோவுக்கு 50 காசு குறைக்க அரை நாள் பேசுகிறோம். அதே நாம் 60,000 ரூபாய் கொடுத்து டி.வி. வாங்கப் போனால், கடைப்பையன் எதைக் காட்டுகிறானோ அதற்குத் தலையாட்டிவிட்டு வருகிறோம். ஊரான் வீட்டுக் கதையைச் சொல்லவில்லை. நாமே அப்படித்தான் வாங்கினோம்.

2019 தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு குடும்பத்தோடு ஒரு பெரிய கடைக்குப் போனோம். கடையின் பெயர் வேண்டாம், அவரும் வணிகரே. சுவர் முழுக்க டி.வி.கள். எல்லாவற்றிலும் கிளி பறக்கிறது, மாதுளம்பழம் உடைகிறது, பனிமலையில் சூரியன் உதிக்கிறது. எது கண்ணைப் பறித்ததோ அதைக் கைகாட்டினோம். 55 அங்குலம். கையோடு பெரிய ஒலிப்பெட்டி செட் ஒன்றும் வாங்கினோம். அதில் ஒட்டியிருந்த வாட் கணக்கைப் பார்த்தால் ஒரு கல்யாண மண்டபத்துக்கே போதும் போலிருந்தது.

வீட்டில் மாட்டிய பிறகு செய்தி வாசிக்கும் பெண்ணின் முகம் குங்குமம் அப்பியதுபோல் சிவந்து தெரிந்தது. இருட்டான காட்சி வந்தால் கறுப்பு என்பது சாம்பலாக இருந்தது. அதைக்கூடச் சகித்துக் கொண்டோம். சகிக்க முடியாதது எங்கள் அண்ணாச்சி விஷயம். அவருக்கு அப்போது 71 வயது. பருப்பு மில் இரைச்சலுக்குப் பக்கத்தில் நாற்பது வருடம் நின்றவர். பழைய குண்டு டி.வி.யில் இரவு 8 மணிச் செய்தியும் ஞாயிற்றுக்கிழமை பழைய படமும் தவறாமல் பார்த்தவர், புதுசு வந்த ஒரே மாதத்தில் ஹாலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். "பாட்டு கேக்குது, பேசுறதுதான் என்னன்னு புரியல" என்றார். சத்தத்தைக் கூட்டினால் பேரப்பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள், மருமகள் முகம் சுளித்தது, அண்ணாச்சி எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். 70,000 ரூபாய்க்கு மேல் செலவழித்து, வீட்டுக்குப் பெரியவரைத் திண்ணைக்கு அனுப்பியதுதான் மிச்சம். அதன் பிறகே இந்த வித்தையை ஒரு மாணவனைப்போல் உட்கார்ந்து கற்றுக்கொண்டோம். கற்றதை இங்கே சொல்லுகிறோம்.

கடை வெளிச்சமும் வீட்டு வெளிச்சமும்

எண்ணெய் போட்டு மினுக்கிய பருப்பை நாம் அறிவோம். தராசுத் தட்டில் தங்கம் மாதிரி மின்னும், கொதியில் போட்டால் வண்டவாளம் தெரியும். டி.வி. கடையிலும் இந்த மினுக்கு உண்டு. ஒவ்வொரு பெட்டியிலும் படத்துக்குப் பல அமைப்புகள் வைத்திருக்கிறார்கள். கடையில் ஓடுவது பெரும்பாலும் 'விவிட்' அல்லது 'டைனமிக்' என்ற அமைப்பு. வெளிச்சம் உச்சத்தில் இருக்கும், நிறம் மிகையாக இருக்கும், வெள்ளை நீலம் பாய்ந்து தெரியும். குழல்விளக்குகள் நிறைந்த கடையில் பக்கத்துப் பெட்டியை வெல்வதற்காகச் செய்த ஏற்பாடு அது. வீட்டு ஹாலில் அது கண்ணைக் குத்தும்.

ஆகவே கடைப்பையனிடம் முதலில் கேட்க வேண்டியது, "தம்பி, இதை 'சினிமா' அமைப்பிலோ 'ஃபிலிம்மேக்கர்' அமைப்பிலோ போடுங்க" என்பதுதான். போட்டவுடன் படம் மங்கலாக, சற்று மஞ்சளாகத் தோன்றும். பயப்பட வேண்டாம். ஐந்து நிமிடம் பார்த்தால் கண் பழகிவிடும். மனித முகம் மனித முகமாக இருக்கிறதா என்று பாருங்கள். நிறத்தைச் சோதிக்கக் கிளியும் மாதுளையும் உதவா. நிஜக் கிளி எந்தப் பச்சை என்று நம்மில் யாருக்குத் தெரியும்? முகத்தின் நிறம் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அமைப்பில் வைத்து, ஒரே படத்தை ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் தரத்தையும் இரண்டாம் தரத்தையும் வெவ்வேறு விளக்கின்கீழ் பார்த்த கதைதான்.

கடை ஓட்டும் படம் கம்பெனி கொடுத்த மாதிரிப் படம். நம் வீட்டில் ஓடப்போவதோ கேபிளும் டி.டி.எச்.சும். "சாதாரணச் செய்தி சேனல் ஒன்றைப் போடுங்கள்" என்று கேளுங்கள். அல்லது வீட்டில் பார்க்கிற படம் ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். தயங்குகிற கடையில் வாங்காமல் வந்தாலும் நஷ்டமில்லை. நாம் சாம்பிள் பார்க்கையில் மேல்மூட்டையை மட்டும் அவிழ்த்துக் காட்டுகிற வியாபாரியைப் பற்றி என்ன நினைப்போமோ அதையே இங்கும் நினைத்துக்கொள்ளலாம்.

இருட்டான காட்சி ஒன்றையும் பார்க்க வேண்டும். படத்தின் தரத்தை வெள்ளையை வைத்து எடைபோடுகிறவர்கள் உண்டு. நம் அனுபவத்தில் கறுப்பை வைத்து எடைபோடுவதே சரி. கறுப்பு எவ்வளவு ஆழமோ அவ்வளவு படத்துக்கு உயிர்.

பெயர்கள் பல, சரக்கு இரண்டே

எல்.இ.டி., க்யூ.எல்.இ.டி., மினி எல்.இ.டி., ஓ.எல்.இ.டி. என்று பெயர்களைக் கேட்டால் தலை சுற்றும். அடிப்படையில் சரக்கு இரண்டு வகைதான். முதல் வகை எல்.சி.டி. திரை. அது தானாக ஒளி விடாது. பின்னாலிருந்து விளக்கு அடிக்கும், முன்னாலிருக்கும் திரை ஒளியை மறைத்தும் விட்டும் படம் காட்டும். இன்று எல்.இ.டி. டி.வி. என்று விற்பது இதுவே, பின்விளக்கு எல்.இ.டி. என்பதால் அந்தப் பெயர். நிறம் கூட்ட நுண்துகள் படலம் ஒன்று சேர்த்தால் க்யூ.எல்.இ.டி. பின்விளக்குகளைப் பொடிப்பொடியாக நிறைய வைத்து, இருட்டான பகுதியில் மட்டும் அணைக்க வழிசெய்தால் மினி எல்.இ.டி. மூன்றுக்கும் வேர் ஒன்றே.

இரண்டாம் வகை ஓ.எல்.இ.டி. இதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். ஆகவே கறுப்பு என்றால் முழுக் கறுப்பு. எழுத்தைப் பார்த்து க்யூ.எல்.இ.டி.யும் ஓ.எல்.இ.டி.யும் அண்ணன் தம்பி என்று நினைத்துவிடக் கூடாது. விலையும் வேறு, குணமும் வேறு. ஓ.எல்.இ.டி.யில் ஒரு குறையும் உண்டு: அசையாத படம் ஒரே இடத்தில் நாள்கணக்காக நின்றால் அதன் தடம் திரையில் படிந்துபோகலாம். காலை முதல் இரவு வரை ஒரே செய்தி சேனல் ஓடி, கீழே பட்டை ஒன்று அசையாமல் நிற்கிற வீட்டுக்கும் கடைக்கும் அது ஏற்றதில்லை.

முதல் வகைக்குள்ளும் ஒரு பிரிவு இருக்கிறது, கடையில் கேட்காமல் சொல்லமாட்டார்கள். 'வி.ஏ.' திரை, 'ஐ.பி.எஸ்.' திரை என்று இரண்டு. வி.ஏ.யில் கறுப்பு நன்றாக இருக்கும், பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐ.பி.எஸ்.சில் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் நிற்கும், இருட்டறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். குடும்பம் ஹால் முழுக்கச் சிதறி உட்காருமா, நேரெதிரே சோபாவில் உட்காருமா என்பதே இங்கே கேள்வி. நமது ஹாலில் நேரெதிரேதான் உட்காருவோம். நாம் வாங்கி வந்ததோ ஐ.பி.எஸ்.! கேட்கத் தெரியவில்லை, கேட்கவில்லை.

எத்தனை அங்குலம், எத்தனை புள்ளி

படம் என்பது புள்ளிகளின் கூட்டம். பழைய சாதாரண சேனலின் படம் 720க்கு 576, அதாவது ஏறத்தாழ 4 லட்சம் புள்ளிகள். 'எச்.டி. ரெடி' எனப்படும் 1366க்கு 768 திரையில் சுமார் பத்தரை லட்சம். 'ஃபுல் எச்.டி.' 1920க்கு 1080, சுமார் 21 லட்சம். '4கே' என்பது 3840க்கு 2160, ஏறத்தாழ 83 லட்சம். '8கே' 3 கோடியைத் தாண்டும்.

கூடுதல் புள்ளி நல்லதுதானே என்று தோன்றும். கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. நல்ல பார்வையுள்ளவர் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரையில்தான் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பார். இந்தக் கணக்கின்படி 43 அங்குல ஃபுல் எச்.டி. திரையில் ஐந்தரை அடிக்கு அப்பால் உட்கார்ந்தால் புள்ளி தெரியாது. 55 அங்குல ஃபுல் எச்.டி. என்றால் சுமார் 7 அடி. 55 அங்குல 4கே திரையின் முழுப் பலனும் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் நாலடிக்குள் போய் உட்கார வேண்டும்! எட்டடி தூரத்தில் உட்காருகிறவர் 43 அங்குலத்தில் 4கே வேண்டுமென்று புள்ளிக்காகவே அதிகம் கொடுப்பது, அரைக்கிலோ வாங்குகிறவர் ஒரு மூட்டைக்கு முன்பணம் கொடுப்பது போன்றதாகும். ஆனால் ஒன்று: நல்ல திரையையும் நல்ல பின்விளக்கையும் கம்பெனிகள் 4கே பெட்டிகளில்தான் வைக்கின்றன. அதற்காக வாங்கினால் சரியே. 8கே இன்றைக்கு நமக்கு வேண்டாத சரக்கு, அதில் பார்க்கப் படமே கிடைப்பதில்லை.

அளவைத் தேர்ந்தெடுக்க ஒரு சுலபக் கணக்கு: டி.வி.யின் அங்குலத்தை 1.6 ஆல் பெருக்கினால் உட்கார வேண்டிய தூரம் அங்குலத்தில் வரும். திரை கண்ணில் 30 பாகை அகலத்துக்குத் தெரியும் தூரம் அது. 43 அங்குலத்துக்கு ஆறடிக்குச் சற்றுக் குறைவு, 55க்கு ஏழேகால் அடி, 65க்கு எட்டே முக்கால் அடி. இன்னும் இரண்டடி தள்ளி உட்கார்ந்தாலும் கெட்டுவிடாது. கடைக்குப் போகுமுன் நாடாவை எடுத்துச் சோபாவிலிருந்து சுவர் வரை அளந்துவிடுங்கள். அளக்காமல் சரக்கு வாங்குகிற பழக்கம் நமக்கு இல்லையே.

மாட்டும் உயரமும் முக்கியம். சாமி படங்களுக்குச் சமமாக உத்தரத்தை ஒட்டி மாட்டுகிறவர்கள் நம் ஊரில் அதிகம். கழுத்து வலிப்பது ஒருபுறமிருக்க, கீழிருந்து பார்த்தால் எல்.சி.டி. திரையின் நிறமும் வெளுத்துவிடும். உட்கார்ந்திருப்பவரின் கண்ணும் திரையின் நடுவும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். தரையிலிருந்து மூன்றரை அடி என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு தவறு, நம் சங்க உறுப்பினர் வீடுகளிலேயே இரண்டு மூன்றில் பார்த்துவிட்டோம். புது 4கே டி.வி., புது எச்.டி. செட்டாப் பெட்டி. இரண்டையும் இணைத்திருப்பதோ பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்! அந்த வயரில் எச்.டி. படம் போகாது. பழைய 4 லட்சம் புள்ளிதான் போகும். எச்.டி.எம்.ஐ. வயர் போட்டு, செட்டாப் பெட்டியின் அமைப்பில் 1080 என்று மாற்றினால் அன்றைக்கே புது டி.வி. வாங்கியதுபோல் இருக்கும். அந்த வயரும் விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. அதில் போவது எண்களே. நல்லதாக இருந்தால் முழுப்படம் வரும், கெட்டதாக இருந்தால் பொறி தெறிக்கும், படம் அறுந்துபோகும். தங்கமுலாம் பூசியதால் நிறம் கூடாது. 200, 300 ரூபாய் வயரில் படம் தடையில்லாமல் வந்தால் 3,000 ரூபாய் வயரிலும் அதே படம்தான்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. திரை நொடிக்கு 60 தடவையா 120 தடவையா புதுப்பிக்கிறது என்பதற்கு 'ஹெர்ட்ஸ்' கணக்கு. சில பெட்டிகளில் 60 இருக்கும், வேறு பெயர் சூட்டி 120 என்றும் 240 என்றும் அட்டையில் அச்சடித்திருப்பார்கள். 'திரையின் நிஜ ஹெர்ட்ஸ் எவ்வளவு' என்றே கேளுங்கள். சினிமா நொடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுவது. டி.வி. இடையில் தானாகப் படங்களைச் செருகி வழுவழுப்பாக்கினால், நல்ல படமும் நாடகம்போல் ஆகிவிடும். அந்த அமைப்பைச் சினிமாவுக்கு அணைத்துவிடுவது நல்லது. கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

சத்தம்: சாக்கோடு எடைபோடும் வாட் கணக்கு

இப்போது அண்ணாச்சி விஷயத்துக்கு வருவோம். நம்மைத் திண்டாட வைத்தது படமல்ல, சத்தமே.

பழைய குண்டு டி.வி.யில் ஒலிபெருக்கி முன்பக்கம் நம்மைப் பார்த்து இருந்தது. கூடும் பெரியது. இன்றைய டி.வி. அப்பளம் போல மெல்லிசு. ஒலிபெருக்கி கீழேயோ பின்னாலோ திரும்பியிருக்கிறது. சுவரில் பட்டுத் திரும்பி வருகிற சத்தத்தைத்தான் நாம் கேட்கிறோம். அதனால் தனி ஒலிப்பெட்டி வாங்குகிறோம். அங்கேதான் வாட் கணக்கில் மாட்டிக்கொள்கிறோம்.

1990களில் 'பி.எம்.பி.ஓ.' என்று எழுதி ஆயிரம் வாட், இரண்டாயிரம் வாட் என்று விற்றது நினைவிருக்கும். கண்ணிமைக்கும் நேரத்துக்கு எட்டக்கூடிய உச்சத்தைக் கணக்காக்கி எழுதிய எண் அது. இன்றும் அந்த வழக்கம் சில பெட்டிகளில் இருக்கிறது. தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்திக்கு 'ஆர்.எம்.எஸ்.' என்று பெயர். ஒன்று சாக்கோடு எடை, மற்றது பருப்பின் எடை. நாம் சாக்கைக் கழித்துவிட்டுத்தானே பணம் கொடுப்போம்? ஆர்.எம்.எஸ். என்று எழுதாத வாட் எதுவாக இருந்தாலும் கழிவு போட்டே பார்க்க வேண்டும்.

நிஜ வாட்டுமே நாம் நினைப்பதுபோல் வேலை செய்வதில்லை. வாட்டை இரட்டிப்பாக்கினால் சத்தம் 3 டெசிபெல்தான் கூடும், காதுக்கு அது கொஞ்சம் கூடியதுபோலத் தெரியும். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்கப் பத்து மடங்கு வாட் வேண்டியிருக்கும். 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் வீட்டு ஹாலில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒலிபெருக்கியின் தரமும் அமைப்பும்தான் வித்தியாசம்.

வயதானவர் காதில் முதலில் குறைவது கீச்சென்ற மெல்லிய ஓசைகள். க, ச, த, ப போன்ற மெய்யெழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. உயிரெழுத்தின் கனம் கேட்கும், மெய்யின் விளிம்பு மழுங்கிவிடும். 'பல்' என்றாலும் 'கல்' என்றாலும் 'அல்' என்று கேட்டால் பேச்சு எப்படிப் புரியும்? சத்தத்தைக் கூட்டினால் பேச்சோடு சேர்ந்து மேளமும் இசையும் கூடுகின்றன. சாதாரண ஒலிப்பெட்டிகளோ அடித்தாளத்தைத்தான் தூக்கிக் காட்டுகின்றன. கடையில் 'தும் தும்' என்று நெஞ்சு அதிர்ந்ததைப் பார்த்து மயங்கி வாங்கியது அதுதான். அண்ணாச்சிக்கு வேண்டியதோ பேச்சு.

இன்றைய படங்களின் ஒலி 5.1 என்ற முறையில் பதிவாகிறது. முன்னால் இடம், நடு, வலம், பின்னால் இரண்டு, ஆக ஐந்து. அந்த .1 என்பது அடித்தாளத்துக்கான வூஃபர். இதில் வசனம் பெரும்பாலும் நடு ஒலிபெருக்கியில்தான் வரும். டி.வி.யிலோ 2.1 செட்டிலோ நடு என்று ஒன்று கிடையாது. வசனமும் இசையும் ஒன்றாகக் கலந்து இரண்டு பக்கத்திலிருந்தும் வருகின்றன. ஆகவே பேச்சு தெளிவாக வேண்டுமென்றால் பார்க்க வேண்டியது வாட்டை அல்ல, முதல் எண்ணை. 3.1 என்றால் நடு உண்டு. சவுண்ட்பார் வாங்குகிறவர்கள் 2.1ஐத் தவிர்த்து 3.1ஓ 5.1ஓ பார்ப்பது உத்தமம். மூன்றாவதாக ஓர் எண் இருந்தால், உதாரணமாக 5.1.2 என்றால், அந்த 2 மேலிருந்து கேட்கும் ஒலிக்கானது. வசதியுள்ளவர் வாங்கலாம், முதல் தேவை அதுவல்ல.

இணைக்கும்போது டி.வி.யின் பின்னால் 'ஏ.ஆர்.சி.' அல்லது 'ஈ.ஏ.ஆர்.சி.' என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. துளையில்தான் சவுண்ட்பார் வயரைச் செருக வேண்டும். மற்றத் துளையில் செருகிவிட்டு "சத்தமே வரவில்லை" என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டு 300 ரூபாய் கொடுத்தவரை நமக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறோம். புளூடூத்தில் இணைத்தால் வாய் முதலில் அசையும், வசனம் பின்னால் வரும். ஆகையால் வயரே நல்லது.

இத்தனையும் செய்தும் பாதிதான் தீர்ந்தது. மீதியைத் தீர்த்தது எங்கள் கிட்டங்கி கற்றுக்கொடுத்த பாடம். கிட்டங்கியில் மூட்டை நிறைந்திருக்கும்போது உள்ளே நின்று பேசினால் குரல் அடங்கித் தெளிவாகக் கேட்கும். சரக்கு தீர்ந்து காலியானபின் பேசினால் கிணற்றுக்குள் பேசுவதுபோல் எதிரொலிக்கும். நம் வீட்டு ஹால் எப்படி? தரையில் டைல்ஸ், நாலு பக்கமும் சிமெண்ட் சுவர், கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ். காலிக் கிட்டங்கியேதான். ஹாலின் நடுவில் நின்று ஒரு தடவை கையைத் தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகு 'ட்ரிங்' என்று வால் நீண்டால் எவ்வளவு நல்ல ஒலிப்பெட்டி போட்டாலும் வசனம் கலங்கும். சன்னலுக்குக் கனத்த திரைச்சீலை, சோபாவுக்கு முன்னால் ஒரு ஜமுக்காளம், பின்சுவரில் புத்தக அலமாரி, இவை போதும். நமக்கு ஆன செலவு 4,000 ரூபாய்க்குள். பழைய ஒலிப்பெட்டியை மகன் நண்பருக்குக் கொடுத்துவிட்டு நடு ஒலிபெருக்கி உள்ள சவுண்ட்பார் மாட்டினோம். அதில் பேச்சைத் தூக்கிக் காட்டும் அமைப்பு ஒன்றும் இருந்தது. அண்ணாச்சியைக் காது டாக்டரிடமும் அழைத்துப் போனோம், அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். இப்போது சத்த எண் 30லிருந்து 16க்கு இறங்கிவிட்டது. எட்டு மணிச் செய்திக்கு ஹாலில் பழைய இடத்தில் உட்காருகிறார். செய்தியில் சொன்ன உளுந்து விலை தப்பு என்று டி.வி.யோடு சண்டையும் போடுகிறார்.

கடைக்கு வாங்குகிறவர்களுக்கு

கடையில் டி.வி. வைப்பவர்கள் வத்தல் நிறுக்கிற இடத்துக்கும் மாவு கொட்டுகிற இடத்துக்கும் நேர்மேலே மாட்டக் கூடாது. காற்றுத் துளை வழியாகப் பொடி உள்ளே போய்ச் சூட்டை வெளியேற விடாது. கடைக்கு ஃபுல் எச்.டி. தாராளம். எதிரொளி அடிக்காத மங்கல் திரையாக இருப்பதே முக்கியம். மழைக்காலத்தில் இடி இடிக்கும்போது பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டுக் கேபிள் வயரை விட்டுவிடுகிறோம். மின்னல் அந்த வழியாகவும் வரும், இரண்டையும் கழற்றுங்கள்.

ஜி.எஸ்.டி. விஷயம் ஒன்று. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்கு 28 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. வரி சேராத விலை 50,000 என்றால் முன்பு 64,000, பிறகு 59,000. பில்லில் வரி சரியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடைத் தொழிலுக்காக வாங்கிய டி.வி.க்குக் கடையின் ஜி.எஸ்.டி. எண் போட்டுப் பில் வாங்கி உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்கலாம். வீட்டு ஹாலுக்கு வாங்கியதைக் கடைக் கணக்கில் எழுதினால் சொந்த உபயோகம் என்று அந்த வரவு செல்லாது. வட்டியோடு கட்ட வேண்டிவரும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு எப்படியும் வரவு கிடையாது.

வட்டியில்லாத் தவணை என்கிறார்களே, அதையும் நம் கணக்கில் போட்டுப் பார்ப்போம். 60,000 ரூபாய் டி.வி.யை ரொக்கத்துக்கு 56,000க்குத் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தவணையில் மாதம் 5,000 வீதம் 12 மாதம். அந்த 4,000 ரூபாய்தான் வட்டி. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதால் கணக்குப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 13 சதவீதம், அதாவது ஒரு ரூபாய் வட்டிக்குச் சற்று மேலே வருகிறது. செயல்கட்டணம் என்று பிடித்தால் இன்னும் கூடும். ரொக்கத்துக்கு எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்ட பிறகே தவணையைப் பற்றிப் பேச வேண்டும். அதற்காகத் தீபாவளிச் சரக்குக்கு வைத்த பணத்தை எடுத்து டி.வி.யில் முடக்கிவிட்டுப் பிறகு கடைக்குக் கைமாற்று வாங்குவதும் கூடாது. நம் தெருவில் ஒருவர் அப்படிச் செய்து, சீசனில் உளுந்து விலை ஏறும்போது சரக்கில்லாமல் கைபிசைந்து நின்றார்.

பெட்டி வீட்டுக்கு வந்தபின்

கொண்டுவருகிற ஆள் முன்னாலேயே அட்டைப்பெட்டியைப் பிரியுங்கள். பில்லில் உள்ள மாடல் எண்ணும் பெட்டியின் பின்னால் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஒரே பெயரில் கடைசி இரண்டு எழுத்து மட்டும் மாறி, உள்ளே திரை வேறாக இருப்பதுண்டு. பின்புறம் பி.ஐ.எஸ். பதிவு முத்திரையும் அதன் எண்ணும் இருக்க வேண்டும். அது இல்லாத டி.வி.யை விற்கவே கூடாது. மாட்டியவுடன் முழு வெள்ளைப் படம் ஒன்றையும் முழுக் கறுப்புப் படம் ஒன்றையும் கைபேசியிலிருந்து ஓடவிட்டு, செத்த புள்ளி இருக்கிறதா, ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதா என்று விளக்கை அணைத்துப் பாருங்கள். வெள்ளைப் படத்தில் கரும்புள்ளி தெரியும், கறுப்புப் படத்தில் கசிவு தெரியும். குறை இருந்தால் அன்றைக்கே படம் எடுத்துக் கடைக்கு அனுப்பிவிட வேண்டும்.

அந்த அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் பத்து நாளாவது பரணில் போட்டு வையுங்கள். மாற்றித் தரச் சொன்னால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். நாம் மூன்றாம் நாளே பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டோம், 40 ரூபாய் கிடைத்தது.